வண்டி வராத ரோடு

கொஞ்சம் நீளமான த்ரெட். சைக்கிள்ல ஆரம்பிச்சு வேற எங்கேயோ போகும். நேரம் இருக்கும்போது படிங்க.

நான் காவிரி டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். மூணு வருஷம் முன்னாடி எங்க ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் முகாம். கூட்டம் குறைஞ்ச நேரத்தில் லேப் சிஸ்டர், "சார், நீங்களும் கையை நீட்டுங்க"ன்னாங்க. விளையாட்டா நீட்டினேன்.

எச்பிஏ1சி 6.2.

5.7லேர்ந்து 6.4 வரைக்கும் வந்தா சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. எனக்கு அப்போ வயசு 33. அப்பாவுக்கு நாற்பதுலயே சர்க்கரை. ஓபியில் தினமும் "சோத்தைக் குறைங்க, நடங்க"ன்னு ஊருக்கு உபதேசம் பண்ற ஆள், நைட் டியூட்டி முடிஞ்சா பரோட்டா சாப்பிட்டுத் தூங்குறவன். அந்த ரிப்போர்ட்டை மடிச்சு பர்ஸ்ல வச்சேன். இன்னும் இருக்கு.

சைக்கிள் வாங்கினேன். முதல் மூணு நாள் மெயின் ரோட்டில் ஓட்டினேன். தனியார் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு முழங்கையை உரசுற மாதிரி போகும். ராத்திரி கேஷுவாலிட்டியில் நான் தையல் போடுறது எல்லாம் இந்த ரோட்டில் விழுந்தவங்களுக்குத்தான். நாலாவது நாள் பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பி, ஆத்தங்கரையில் இறங்கிட்டேன்.

டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு தண்ணி பிரியும். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி மூணாகும். அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால். கையில் ரத்தக்குழாய் போற மாதிரிதான். ஒவ்வொரு ஆத்துக்கும் ரெண்டு பக்கமும் மண் கரை. கரை மேல பல இடத்தில் கிராவல் கொட்டி வச்சிருப்பாங்க. கார் வந்தா எதிர்ல வர்ற மாட்டு வண்டிக்கு வழி விட முடியாது. அதனால கார் வராது.

எந்த ஆறுன்னு சொல்லப் போறதில்ல. காரணம் கீழே வரும்.

இங்கே தரை எவ்வளவு தட்டைன்னா, தஞ்சாவூர் கடல் மட்டத்திலேர்ந்து சுமார் 57 மீட்டர் உயரம். அங்கேர்ந்து நாகப்பட்டினம் ரோட்டு வழியா 80 கிலோமீட்டருக்கு மேல. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட சரிவு கிடையாது. மிதிக்கிறவனுக்குக் கொண்டாட்டம்னு நினைச்சேன். ஆனி, ஆடியில் மேக்காத்து மூஞ்சியில் அறையும்போதுதான் புரிஞ்சுது, டெல்டாவில் காத்துதான் மலை. அதனால போகும்போது மேற்கே, எதிர்காத்தில். திரும்பும்போது அதுவே தள்ளிக்கிட்டு வரும்.

மெலிசான டயர் வேலைக்காகாது. 40 மில்லிமீட்டர் டயர் போட்டு, காத்தைக் கொஞ்சம் கம்மியா வச்சா கிராவல்ல வழுக்காது. ஆனா சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் ஒண்ணுதான். முதல் மாசம் அஞ்சு பஞ்சர். கடைசியில் எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணன் பழைய ட்யூபை நீளமா அறுத்து டயருக்கு உள்ளே லைனிங் வச்சுக் கொடுத்தார். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்.

ஜூன்ல மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்க ஆத்துக்கு தண்ணி வர்ற காலையை ஒரு தடவையாவது பார்க்கணும். முதல்ல சருகும் நுரையும்தான் வரும். மெதுவா, நடக்கிற வேகத்தில். பக்கத்திலேயே சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போனேன். பின்னாலேயே பசங்களும் நாயும். உழவு ஆரம்பிச்சதும் வயல் முழுக்க நத்தைகுத்தி நாரை. அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தையை எடுக்க வசதியான கருவி. சர்ஜரி தியேட்டர்ல ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். மார்கழியில் லீவு கிடைச்சா வடுவூர் ஏரி வரைக்கும் போவேன். 2022ல ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி.

கரையில் ஆடு மேய்க்கிற ஒரு ஆயா. முதல் நாள் என்னை நிறுத்தி, "வண்டிக்குப் பெட்ரோல் போட காசு இல்லியா தம்பி?"ன்னு நிஜமாவே கவலையா கேட்டுச்சு. டாக்டர்னு தெரிஞ்சதும் கவலை இன்னும் கூடிடுச்சு.

ஒரு வருஷத்தில் எச்பிஏ1சி 5.7. எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். "ஹாரன் சத்தமே கிடையாது, எட்டு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி வராது, சொர்க்கம்"னு.

அந்த வருஷம் ஐப்பசி. ஒரு வாரமா மழை. நான் நைட் டியூட்டி. (இனி வர்றதில் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

விடிகாலை அஞ்சே காலுக்கு ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். கண் இமை ரெண்டும் தொங்கிடுச்சு. எச்சில் முழுங்க முடியல. ஒன்னரை மணிக்கு வயித்து வலியில் எழுந்திருக்கார். அஜீரணம்னு சோடா குடிச்சுப் படுத்துட்டார். மூணரைக்கு அவர் மனைவி லைட்டைப் போட்டுப் பார்த்தா, கண்ணைத் திறக்க முடியல. உடனே 108க்கு போன் பண்ணியிருக்காங்க.

தரையில் பாய் போட்டுப் படுத்தவர். உடம்பில் கடிவாய் தெரியல. காரணம் தெரியாத வயித்து வலி, அப்புறம் இமை தொங்கல். கட்டுவிரியன். இதுக்கு டெஸ்ட் தேவையில்ல.

விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏத்தினோம். இதில் ஒரு விஷயத்தை நீங்க தெரிஞ்சுக்கணும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே சிதைக்கும். நாங்க போடுற மருந்து ரத்தத்தில் சுத்திக்கிட்டிருக்கிற விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கனவே சிதைஞ்ச நரம்பு நுனியைச் சரி பண்ணாது. அது தானா வளரணும், நாள் கணக்கில் ஆகும். அதுவரை மூச்சை மெஷின்தான் விடணும். அதனால முதல் ஒரு மணி நேரம் மத்த எதையும் விட முக்கியம்.

ட்யூப் போட்டு, அம்பு பேக்கை அழுத்திக்கிட்டே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன்.

அனுப்பிட்டு அவர் தம்பிகிட்ட கொஞ்சம் கோவமாவே கேட்டேன், "மூணரைக்கு போன் பண்ணிட்டு அஞ்சே காலுக்கு வர்றீங்களே?"

"108 இருவது நிமிஷத்தில் பாலத்துக்கு வந்துட்டாங்க சார். கரைக்குள்ள வர முடியல. மழையில் கிராவல் எல்லாம் சேறு. வீட்டிலேர்ந்து டிவிஎஸ் 50ல நடுவுல உக்கார வச்சு கொண்டு வந்தோம். பாதியில் வண்டி பதிஞ்சிடுச்சு. அப்புறம் கயித்துக் கட்டில்ல தூக்கிக்கிட்டு வந்தோம்."

எந்த ஊர்னு கேட்டேன். சொன்னார்.

பாலத்திலேர்ந்து நாலு கிலோமீட்டர். ஆத்தோரம் ரெண்டு ஆலமரம் இருக்கிற இடம். நான் தண்ணி குடிக்க நிக்கிற இடம். என் போன்ல வால்பேப்பர்.

எட்டு நாள் வென்டிலேட்டர். பிழைச்சுட்டார்.

மழை விட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் போனேன். ஆயா என்னைப் பார்த்ததும், "தம்பி, ஒரு காயிதம் எழுதித் தருவியா?"ன்னுச்சு. ரோடு கேட்டு மனு கொடுக்கிறாங்களாம். பல வருஷமா கொடுக்கிறாங்களாம். டாக்டர் ஒருத்தர், ரோடு இல்லாததால லேட் ஆச்சுன்னு எழுதினா எடுபடும்னு யாரோ சொல்லியிருக்காங்க.

உண்மையைச் சொல்றேன். தார் போட்டா பைக் வரும், அப்புறம் கார், அப்புறம் மணல் லாரி. முதல் நொடியில் என் மனசில் வந்தது அதுதான், அவரோட இமை இல்ல. "பார்க்கலாம் ஆயா"ன்னு சொல்லிட்டு மிதிச்சேன். "பார்க்கலாம்"னா என்ன அர்த்தம்னு அரசாங்க ஆபீஸ் வாசல்ல நின்ன யாருக்கும் தெரியும். ஆயாவுக்கும் தெரிஞ்சிருக்கும். அது ஒண்ணும் சொல்லாம ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடுச்சு. மூணு நாள் அந்தப் பக்கமே போகல.

நாலாவது நாள் எழுதினேன். போன் வந்த நேரம், 108 பாலத்துக்கு வந்த நேரம், கேஷுவாலிட்டிக்கு வந்த நேரம். மூணு வரிதான். வேற எதுவும் தேவைப்படல.

த்ரெட் படிக்கிற எல்லாரும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பாம்புக் கடிக்குக் கயிறு இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. கடிபட்டவரை நடக்க விடாதீங்க. ராத்திரி தரையில் படுத்தவருக்குத் திடீர்னு வயித்து வலி, இமை தொங்கல்னா கடிச்ச தடம் தேடிக்கிட்டு நிக்காம கிளம்புங்க. முடிஞ்சவரை கட்டில்ல படுங்க. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகி விடுங்க.

ரோடு இன்னும் வரல. போன மாசம் ஆளுங்க வந்து அளந்திருக்காங்க. 200 மீட்டருக்கு ஒண்ணுன்னு வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டுக் கல் நட்டிருக்காங்க. இன்னிக்குக் காலையில் எண்ணிக்கிட்டே போனேன். ஆலமரத்துக்கிட்ட 20.

அவர் வாசல்ல உட்கார்ந்திருந்தார். குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பு. "சார், உள்ளே வாங்க, ஒண்ணு காட்டணும்"னு கூட்டிட்டுப் போனார். புதுசா ரெண்டு இரும்புக் கட்டில், நீலக் கொசுவலை. ஒண்ணு தவணையில் வாங்கினதாம்.

டீ குடிச்சுட்டுத்தான் போகணும்னு அவர் மனைவி சொல்லிட்டாங்க. சர்க்கரை வேணாம்னேன். ஓபிக்கு பத்து நிமிஷம் லேட்.