டப்ளினில் ஒரு சுவரும் ஒரு வீதியும்

டப்ளின் நகரத்தின் ராஜபாட்டையாகிய ஓகானல் வீதியில் கம்பீரமாக நிற்கும் பெரிய தபால் நிலையம், தபால்தலை வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற ஓர் அலுவலகந்தான் என்றாலும், அயர்லாந்துக்காரர் ஒருவர் அதன் வாசலைக் கடந்து போகும்போது, அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், அந்தக் கட்டடத்தைக் குறித்து ஓர் அபிப்பிராயம் இல்லாமல் போவதில்லை. 1916-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாளான திங்கட்கிழமையன்று, பேட்ரிக் பியர்ஸ் என்னும் பள்ளிக்கூட ஆசிரியர் அந்த வாசலில் நின்றுதான் அயர்லாந்துக் குடியரசின் பிரகடனத்தை வாசித்தார். அந்த வாரம் முழுவதும் நகரத்தின் நடுவிலே பிரிட்டிஷ் சேனையோடு யுத்தம் நடந்தது, சனிக்கிழமை புரட்சிக்காரரின் சரணாகதி, மே மாதம் 3-ஆம் தேதிக்கும் 12-ஆம் தேதிக்கும் இடையில் கில்மெய்னம் சிறைச்சாலையில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிற்காலத்தில் நம் நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய வி. வி. கிரி அப்போது டப்ளினில் மாணவராக இருந்தார் என்பதும், அந்த வருஷமே அவர் அயர்லாந்தை விட்டு வெளியேற நேர்ந்தது என்பதும், இந்தச் சரித்திரத்தை நமக்கும் சற்றே சொந்தமாக்குகின்றன.

தபால் நிலையத்தின் முகப்பிலே நிற்கும் பருத்த கற்றூண்களில் துப்பாக்கி ரவைகள் பதித்த வடுக்களை விரலால் தடவிப் பார்க்கலாம். நான் தடவிப் பார்த்தேன். சில பள்ளங்கள் விரல்நுனி அளவே இருக்கின்றன. நாம் பெரியவர்களுக்குத் திதி பார்த்துத் திவசம் செய்வதுபோல, அயர்லாந்து அரசாங்கமும் இந்தப் புரட்சியின் ஞாபக வைபவத்தை ஆங்கிலத் தேதியால் அல்லாமல் ஈஸ்டர் பண்டிகையைக் கொண்டே அனுஷ்டிக்கிறது. நூற்றாண்டு விழா ஏப்ரல் 24-ஆம் தேதிக்குக் காத்திராமல் 2016 மார்ச் 27-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று நடந்தேறியது அதனால்தான். ஆனால் எப்போது கொண்டாடுவது என்பதில் இருக்கும் இந்த ஒற்றுமை, யாரைக் கொண்டாடுவது என்ற கேள்வி பிறந்த மாத்திரத்தில் கலைந்துவிடுகிறது. நூற்றாண்டை முன்னிட்டு நகரசபையார் காலேஜ் கிரீன் சதுக்கத்தில் கட்டிய பிரம்மாண்டமான திரைச்சீலையில் கிராட்டன், ஓகானல், பார்னெல், ரெட்மண்ட் ஆகிய நால்வரின் உருவங்கள் இருந்தன. நால்வரும் பாராளுமன்ற வழியை நம்பியவர்கள். ஒருவரும் 1916 புரட்சியில் பங்கு கொண்டவரல்லர். கிராட்டனோ 1820-லேயே காலமாகிவிட்டவர். ஆயுதமேந்தி உயிர்விட்டவர்களின் நூற்றாண்டில் இந்த முகங்களுக்கு என்ன இடம் என்று ஊரெங்கும் கண்டனம் எழுந்தது.

இந்த விவாதங்களையெல்லாம் அவை பிறந்த ஸ்தலங்களிலேயே நின்று விசாரிக்க வேண்டும் என்பதே என் பிரயாணத்தின் நோக்கம். ஆகவே கிளாஸ்னெவின் மயானத்துக்குப் போனேன். 1832-இல் டேனியல் ஓகானல் முயற்சியால் திறக்கப்பட்ட இந்த மயானம், மதபேதமின்றி எல்லோருக்கும் இடமளிக்க வேண்டும் என்ற சங்கல்பத்துடன் உண்டானது. வானளாவிய உருண்டைக் கோபுரம் ஒன்றின் அடியிலே ஓகானலின் சவப்பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது; அதைச் சூழ்ந்த கல்லில் விட்டிருக்கும் துவாரத்தின் வழியே கையை நீட்டிப் பெட்டியின் மரத்தைத் தொட்டு வணங்கலாம்.

இந்த மயானத்தில்தான் 2016 ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரு ஞாபகச் சுவர் திறந்து வைக்கப்பட்டது. பிரான்ஸில் ஆராஸ் நகருக்கருகே, முதல் உலக யுத்தத்தில் மடிந்த ஏறத்தாழ 5,80,000 பேரின் பெயர்களைத் தேசபேதம் பாராமல் அகர வரிசையில் பொறித்திருக்கும் ஞாபக வளையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஈஸ்டர் வாரத்துப் புரட்சியில் உயிரிழந்த 488 பேரின் பெயர்களை அந்தச் சுவரில் பொறித்தார்கள். புரட்சிக்காரர், அவர்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய், இருவருக்கும் நடுவில் அகப்பட்டு மடிந்த நகரவாசி என்ற வித்தியாசமே அங்கு காட்டப்படவில்லை. மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுதமே ஏந்தாத பொதுஜனங்கள். குழந்தைகள் மட்டும் 40 பேர். சர்ச் வீதியில் தாயார் தள்ளிக்கொண்டு போன வண்டியிலே குண்டடிபட்டு இறந்த ஷான் ஃபாஸ்டருக்கு மூன்று வயது நிறையவில்லை. நூறு வருஷ காலம் எந்த ஸ்தூபியிலும் இடம் பெறாத அத்தகைய பெயர்களைக் கல்லில் ஏற்றியது அந்தச் சுவர் செய்த பெரும் புண்ணியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

திறப்பு விழாவன்றே மயான வாசலில் ஆட்சேபக் கூட்டம் கூடியது. 2017-இல் யாரோ சுவரின்மேல் சாயத்தை ஊற்றினார்கள். 2020 பிப்ரவரியில் சம்மட்டியால் அடித்துக் கல்லைச் சிதைத்தார்கள். 1923 வரை நடந்த போராட்டங்களில் மடிந்த எல்லோருடைய பெயர்களையும் படிப்படியாகச் சேர்ப்பதென்று முதலில் உத்தேசித்திருந்த தர்மகர்த்தாக்கள், 2022-இல் அந்தப் பெயர் பொறிக்கும் பணியையே கைவிடுவதெனத் தீர்மானித்துவிட்டார்கள்.

மயானத்தில் ஒரு கல்லறைக்குப் புதுமலர் கொண்டுவந்திருந்த முதியவரிடம் இதைப்பற்றிப் பேச்செடுத்தேன். அவர் சம்மட்டியை ஆதரிப்பவரல்லர். ஆனால் சுவரை ஏற்பவருமல்லர். "ஐயா, இறந்தவர்கள்மேல் எனக்குப் பகையில்லை. அந்தச் சிப்பாய்களின் கல்லறைகளுக்கும் நான் பூ வைப்பேன். ஆனால் கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் அகர வரிசையில் நிறுத்தினால், நடந்தது ஏதோ ரயில் விபத்து என்றல்லவா என் பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்? உங்கள் இந்தியாவில் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டார்.

அவருக்கு நான் டில்லி மலைமுகட்டில் நிற்கும் ஸ்தூபியைப் பற்றிச் சொன்னேன். 1857 யுத்தத்தில் தங்கள் தரப்பில் மடிந்தவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பிய அந்தச் சின்னத்தில், அவர்களோடு போரிட்ட நம்மவர்கள் எதிரிகள் என்றே குறிக்கப்பட்டிருந்தார்கள். சுதந்திரம் அடைந்து 25 ஆண்டுகள் நிறைந்த 1972-இல் நம் அரசாங்கத்தார் அந்த எழுத்தை அழிக்கவில்லை, ஸ்தூபியை இடிக்கவுமில்லை. அங்கே எதிரிகள் எனப்பட்டவர்கள் இந்திய விடுதலைக்காக உயிர்நீத்த அமர தியாகிகள் என்று அறிவிக்கும் வேறொரு பலகையை அருகிலே பதித்தார்கள். முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அது பரவாயில்லை; இரண்டு கல், இரண்டு சாட்சி," என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. மாண்டவர் ஒருவரின் பெயரையும் விடாமல் எழுதுவது தர்மம். ஆனால் யார் எந்தக் காரியத்துக்காக, எவர் கையால் மாண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டுப் பெயரை மட்டும் எழுதுவது, அந்த மாண்டவர்களுக்கே செய்கிற அநீதி.

இந்த வித்தியாசத்தை உணராததனால் ஓர் அரசாங்கமே எவ்வாறு சங்கடத்துக்குள்ளாயிற்று என்பதற்கு 2020 ஜனவரியில் நடந்த சம்பவம் அத்தாட்சி. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து அயர்லாந்து ராஜாங்கப் போலீஸ் படையினரை நினைவுகூரும் வைபவம் ஒன்றை டப்ளின் கோட்டையில் நடத்தப்போவதாக நீதி இலாகா மந்திரி சார்லி ஃபிளானகன் அறிவித்தார். அந்தப் படையில் பெரும்பாலோர் அயர்லாந்துக் கிராமங்களிலிருந்து வந்த கத்தோலிக்க வாலிபர்கள். குடும்பத்தைக் காப்பாற்ற உத்தியோகத்தில் சேர்ந்து, விடுதலைப் போரின்போது நூற்றுக்கணக்கில் மடிந்தவர்கள். அவர்களுடைய சந்ததியார் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்த்தவர்கள். இதெல்லாம் உண்மையே. ஆனால் 1920-இல் அதே படைக்குத்தான் 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று ஜனங்கள் இன்றும் அருவருப்போடு உச்சரிக்கும் கூலிப் பட்டாளமும் சேர்க்கப்பட்டது. குரோக் பார்க் மைதானத்தில் பந்தாட்டம் பார்க்க வந்தவர்கள்மீது நவம்பர் 21-ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் செய்து 14 பேர் சாவதற்குக் காரணமானதும் அந்தப் படையைச் சேர்ந்தவர்களே. கார்க் நகர மேயர் தாமஸ் மக்கர்ட்டன் தம் வீட்டிலேயே கொலையுண்டபோது, விசாரணை ஜூரியார் பழி சுமத்தியதும் போலீஸாரின் மேல்தான். அந்நகரத்து மேயர் நாற்காலியில் நூறு வருஷங்களுக்குப் பின் அமர்ந்திருந்தவர் இந்த வைபவத்துக்கு வர இசையவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன? பல நகரசபைகள் மறுத்துவிடவே, விழா ஒத்திவைக்கப்பட்டது. தகப்பனையோ பாட்டனையோ இழந்த குடும்பம் துக்கம் அனுஷ்டிப்பதை எவரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கொடியேற்றி அரசாங்கம் மரியாதை செய்வது அத்துடன் ஒப்பிடத்தக்கதன்று.

லிஃபி நதிக்கரையில் ஐலண்ட்பிரிட்ஜ் என்னுமிடத்தில் முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையில் சேர்ந்து மடிந்த அயர்லாந்துக்காரர்களுக்காக ஒரு நந்தவனம் இருக்கிறது. புதுடில்லியை நிர்மாணித்த அதே லுட்யென்ஸ் வகுத்த அமைப்பு. கல்லிலும் புல்வெளியிலும் அந்தச் சாயலை நம்மவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். இந்தச் சின்னத்தை முதலில் நகரத்தின் நடுவே, பாராளுமன்றத்துக்கு எதிரிலுள்ள மெரியன் சதுக்கத்தில் அமைக்க வேண்டுமென்று 1920-களில் யோசனை கூறினார்கள். அதை எதிர்த்தவர் மந்திரி கெவின் ஓஹிக்கின்ஸ். தம் சொந்தச் சகோதரர் ஒருவரை அதே யுத்தத்தில் பறிகொடுத்தவர் அவர். இருந்தும், அந்த இடத்தில் அதைப் பார்க்கிற அந்நியர் இந்த ராஜ்யம் பிறந்ததே அந்த யுத்தத்தால் என்று எண்ணிவிடுவார் என வாதாடினார். சொந்தத் துயரத்தையும் தேசத்தின் சரித்திரத்தையும் ஒன்றோடொன்று குழப்பாத அந்தத் தெளிவை நான் மிகவும் போற்றுகிறேன். ஆனால் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட நந்தவனம் பிற்பாடு கவனிப்பாரற்றுப் புதர் மண்டிக் கிடந்ததும், செப்பனிடப்பட்டு 1988-இல்தான் முறைப்படி திறக்கப்பட்டதும், அந்தத் தெளிவுக்கு நேர்ந்த குறையென்றே சொல்ல வேண்டும்.

கில்மெய்னம் சிறைச்சாலைக்குள் கல்லுடைக்கும் முற்றம் ஒன்று உண்டு. உயர்ந்த சாம்பல்நிற மதில்கள்; தரையில் சரளைக் கல்; இரண்டு கோடிகளில் இரண்டு கறுப்புச் சிலுவைகள். ஒன்று மற்றவர்கள் சுடப்பட்ட இடம். இன்னொன்று, காயத்தினால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் அமர்த்திச் சுட்ட இடம். அங்கே பேசுகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஆனால் என் நெஞ்சைவிட்டு அகலாதது அங்கு நடந்த வேறொரு காரியம். 1922 நவம்பர் 17-ஆம் தேதி, பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காத நான்கு இளைஞர்கள் அதே சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது அந்நிய ராஜாங்கமன்று, புதிதாகப் பிறந்த அயர்லாந்து அரசாங்கமே. அந்த உடன்படிக்கையால் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் அவ்வாறு மரண தண்டனை பெற்றவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். 1924-இல் மூடப்பட்டு இடிந்து கிடந்த சிறைச்சாலையை 1960-இல் தொண்டர்கள் கூடி, கூலி வாங்காமல் கல்லும் மண்ணும் சுமந்து செப்பனிடத் தொடங்கியபோது, அவர்களில் அந்த யுத்தத்தின் இரு தரப்பினரையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். வேலை நின்றுபோகாமல் இருக்கவேண்டி, 1921-க்குப் பிற்பட்ட சண்டையைப் பற்றி ஒருவரும் பேச்செடுப்பதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த மௌனத்தினால்தான் சிறைச்சாலை இன்று நிற்கிறது. அதற்கு நன்றி செலுத்தியே ஆகவேண்டும். எனினும் சகோதரர்களே ஒருவரையொருவர் சுட்ட கதையை மறைத்துச் சொல்லப்படும் சுதந்திரச் சரித்திரத்தைக் கேட்டு வளரும் தலைமுறை, பக்கத்து வீட்டுக்காரரோடு தன் குடும்பத்துக்கு ஏன் பேச்சில்லை என்பதைக்கூட அறியாமலே வளர்ந்திருக்கும். 1935-இல் தபால் நிலையத்தினுள் பழங்கதை வீரன் கூஹுலினின் வெண்கலச் சிலையை, உடன்படிக்கையை எதிர்த்த தரப்பின் தலைவர் டி வலெரா ஞாபகச் சின்னமாகத் திறந்தபோது, உடன்படிக்கைத் தரப்பின் தலைவரும் 1916-இல் போரிட்டவருமான காஸ்கிரேவ் அந்த வைபவத்துக்கு வர மறுத்துவிட்டார். ஒளித்துவைத்த சண்டையைவிட அப்படிப் பகிரங்கமாக வராதிருந்தது நேர்மையான காரியம் என்பது என் துணிபு.

தபால் நிலையத்துக்குப் பின்புறம் மூர் வீதி. பழக்கடைகளும் மீன்கடைகளும் நிறைந்த சந்தை அது. தள்ளுவண்டியில் ஆரஞ்சும் வாழையும் அடுக்கி, உரத்த குரலில் விலை கூவும் மாதர்களுக்குத் தாயும் பாட்டியும் விட்டுப்போன தொழில். தபால் நிலையம் தீப்பற்றியதும் புரட்சிக்காரர்கள் இந்தத் தெருவுக்குத்தான் ஓடிவந்து, வீட்டுக்கு வீடு உட்சுவரைத் துளைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களுடைய தலைவர்கள் கடைசியாகக் கூடி ஆலோசித்த 14 முதல் 17 வரையிலான வீடுகள் 2007-இல் தேசிய ஞாபகச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. தெரு முழுவதுமே போர்க்களம், ஒரு செங்கல்லும் அகற்றக்கூடாது என்பது தியாகிகளின் வம்சத்தவர் பலருடைய கட்சி. புதிய கடைகள் வந்தாலொழியத் தெரு பிழைக்காது என்பது வேறு சிலருடைய கட்சி. 2016-இல் உயர் நீதிமன்றம் முன்னவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018-இல் அப்பீல் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. "வீட்டையும் வைத்துக்கொள்ளட்டும், எங்களையும் வைத்துக்கொள்ளட்டும், அன்றைக்கும் இங்கே சாமான் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஜனங்கள்தானே?" என்று என்னிடம் ஸ்ட்ராபெரி விற்ற அம்மையார் சொன்னார்.

அந்த அம்மையாரின் வழக்குக்கும், கிளாஸ்னெவின் சுவரில் ஏறிய நகரவாசிகளின் பெயர்களுக்கும் மிகப் பெரிய சாட்சி பியர்ஸேதான். இந்த வீதியில் வெள்ளைத் துணியை உயர்த்திக்கொண்டு வெளியேற முயன்ற பொதுஜனங்கள் குண்டடிபட்டு விழுந்த செய்தி, சரணடையும் தீர்மானத்துக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று. எலிசபெத் ஓஃபாரெல் என்ற தாதிதான் இங்கிருந்து வெள்ளைக்கொடியுடன் தன்னந்தனியாக எதிரிகளிடம் நடந்து போனவர். பியர்ஸ் சரணடையும்போது எடுத்த புகைப்படத்தில் அவருடைய காலணிகளும் பாவாடை ஓரமும் மட்டுமே தெரிகின்றன. பிற்காலத்துப் பிரதிகள் சிலவற்றில் அவற்றையும் அழித்துவிட்டார்கள். அன்று பியர்ஸ் கையொப்பமிட்ட உத்தரவு, ஆயுதத்தைக் கீழே போடுவதற்கான காரணங்களைச் சொல்லும்போது, டப்ளின் பிரஜைகள் இனியும் கொல்லப்படாமல் தடுக்க வேண்டும் என்பதையே முதலில் வைக்கிறது. தம்மைப் பின்பற்றி வந்து சூழப்பட்டு நின்ற வீரர்களின் உயிரை அதற்கடுத்தே குறிப்பிடுகிறது.