பஸ் எத்தனை மணிக்கு?

"அடிச்சப்பல்லாம் போகாதவ, பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டதுக்கா ஸ்டேஷனுக்குப் போன?"

அம்மா இப்படிக் கேட்ட இரவு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எட்டு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு, மகளோடு குன்னம் பக்கத்திலுள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரம்பலூரில் குற்றவியல் நடுவர் எனக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். கணவர் என் வீட்டுக்கோ, நான் வேலை பார்க்கும் அரியலூர் ஜவுளிக் கடைக்கோ வரக் கூடாது. போனிலோ ஆள் மூலமாகவோ என்னிடம் பேசக் கூடாது. அந்தத் தாளை நெகிழிப் பையில் போட்டு அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும்.

இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒரு சனிக்கிழமை மாலை, கடைக்குள் வந்து நான் நிற்கும் இடத்துக்கு எதிரே நின்றார். குரல் உயர்த்தவில்லை. "பஸ் எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள், அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்றே அங்கிருந்த ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். உத்தரவைப் படித்தவர், "இது பெரம்பலூர் கோர்ட்டுதும்மா, அங்க போய்ச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2007 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. ஆனால் மாவட்டம் பிரிந்ததற்கும் என் உத்தரவுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் எந்த நீதிமன்றம் தரும் உத்தரவும் இந்தியா முழுக்கச் செல்லும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாலையில் இது எனக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெரம்பலூரில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தேன். அவர்தான் பொறுமையாக விளக்கினார். இந்தச் சட்டத்தில், முன்பு அடித்ததற்காக நேராகச் சிறை இல்லை. முதலில் நீதிமன்றம் "செய்யாதே" என்று சொல்கிறது. அதை மீறினால்தான் குற்றம். 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இடைக்கால உத்தரவை மீறினாலும் இதேதான்.

"கடையில இருந்தவங்க சாட்சி சொல்ல வருவாங்களான்னு தெரியலையே மேடம்" என்றேன். பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றார். என் சொல் மட்டுமே போதுமானதாக இருக்கலாம் என்று அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

புகாரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உத்தரவின் நகலோடு அதை அவர் நடுவருக்கு அனுப்புவார். விரும்பினால் நானே நேராக நடுவரிடமோ போலீஸிடமோ போகலாம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகளை யாராவது "ஜெயிலுக்குப் போனவன் பொண்ணு" என்பார்களே என்ற நினைப்பு. அவர் ஓட்டும் சுண்ணாம்புக்கல் லாரி வேலை போய்விடுமே என்ற நினைப்பும். அப்புறம்தான் தோன்றியது: அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, வராமல் இருப்பது. அதைக்கூட அவர் செய்யாததற்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

கையெழுத்துப் போட்டேன்.

வழக்குப் பதிவாகிக் கைதானார். பிறகு நிபந்தனையோடு ஜாமீனில் வந்தார். மாமியார் வந்து வாசலில் அழுதுவிட்டுப் போனார். அவரிடம் எனக்குக் கோபமில்லை; ஆனால் புகாரைத் திரும்பப் பெறவும் இல்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் சம்பளம் போகிறது.

அம்மாவுக்கு இப்போது பதில் தெரியும். அடித்த நாட்களில் என் கையில் எதுவும் இல்லை, அம்மா. இந்த முறை ஒரு தாள் இருந்தது. அதை மீறும்போதும் சும்மா இருந்திருந்தால், அது வெறும் தாளாகத்தான் இருந்திருக்கும்.

நான் ஏறும் பஸ்ஸை மாற்றவில்லை. அதே நேரத்துக்குத்தான் வீடு திரும்புகிறேன்.