யானைக்குத் தீனி

சென்ற மாதம் ஒரு நாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின்மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு டப்பாவில் என் தகப்பனார். எதிரே, நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்க, என் கார்.

சாதாரணக் கார் இல்லை. 2008-ல் யாரோ ஒரு பணக்காரர் நாற்பது லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஐரோப்பியக் கார். என் நாவல் ஒன்றைச் சினிமாக்காரர்கள் வாங்கிக்கொண்டு (படம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை) கொடுத்த பணத்தில், 2019-ல் ஐந்து லட்சத்துக்கு அதை நான் வாங்கினேன். பெயரைச் சொல்ல மாட்டேன். வயதாகிப் போனதற்காக ஒருவரைப் பெயர் சொல்லி ஏசுவது மரியாதை இல்லை.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அப்பா இதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டிய வண்டிகளில் ஒன்று ஸ்டாண்டர்டு 2000. வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1985-லிருந்து செய்தார்கள். இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு; உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சின். அந்தக் காலத்தில் அதுதான் மாப்பிள்ளைக் கார். ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்துவார் அப்பா. நான் பின் ஸீட்டில் ஏறப் போனபோது காதைத் திருகி இறக்கினார். "அது முதலாளி உட்கார்ற இடம்டா!" அவரே அதில் உட்கார்ந்ததில்லை.

நான் வாங்கிய காரின் பின் ஸீட்டிலும் அவர் உட்காரவில்லை. முன் ஸீட்டில் அமர்ந்து, "கிளட்சே இல்லாத வண்டியிலே எதுக்குடா இடது காலை ஆட்டறே?" என்று என்னைத் திருத்திக்கொண்டு வருகிறார்.

வாங்கும்போது நண்பர்கள் எல்லோரும் ஒரே எச்சரிக்கையைத்தான் செய்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்தேன். ஸீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா என்றெல்லாம் சோதித்தேன். வண்டி சுத்தம். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

நாற்பது லட்சத்து வண்டி ஐந்து லட்சத்துக்குக் கிடைத்தால், அதன் சாமான்களும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கும் என்று ஏமாந்தேன். கார்தான் கிழமாகிறது, அதன் சாமான்கள் விலையில் மார்க்கண்டேயன் மாதிரி என்றும் பதினாறு. நாற்பது லட்சம் கொடுத்தவரிடம் கேட்ட அதே விலையைத்தான், அதற்கும் கொஞ்சம் மேலேயே, என்னிடமும் கேட்கிறார்கள்.

முதலில் குளிர்நீர்த் தொட்டி. ரேடியேட்டருக்குத் துணையாக இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி அது. பிளாஸ்டிக் பத்துப் பன்னிரண்டு வருஷம் வெந்து ஆறி, வெந்து ஆறி, கடைசியில் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. வேலப்பன்சாவடியில் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அலுமினிய ஸிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கும். தொட்டி, தண்ணீர்ப் பம்பு, தெர்மாஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து 31,000.

அப்புறம் முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள். போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய வருஷங்களில், பூந்தமல்லிவாசியான நான் தினம் அந்த வழியாகப் போய்வந்தேன். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் முனையில் இருக்கிற உள்ளங்கையளவு ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது. ரப்பரை மட்டும் கொடுங்கள் என்றால், கையோடு சேர்த்துத்தான் கிடைக்கும் என்றார்கள். 54,000.

இந்த இடத்தில் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்திலேயே பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் முதலிய கம்பெனிகள் வந்துவிட்டன. 1964-ல் அரசாங்கம் அம்பத்தூர் எஸ்டேட்டை அமைத்தது. சுற்றிலும் லேத்துப் பட்டறைகள் முளைத்தன. ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி 1988-ல் நின்றுபோன பிறகு, அப்பா சாமானுக்குப் புதுப்பேட்டைக்குப் போவார். அங்கே கிடைக்காவிட்டால், தேய்ந்த புஷ்ஷைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போவார். டீ குடித்து முடிப்பதற்குள் புதுசு தயாராகிவிடும். இன்றைக்கும் அந்த லேத்துகள் இருக்கின்றன. ஸீட்டுக்கு அடியில் இருக்கிற எலெக்ட்ரானிக் பெட்டியை எந்த லேத்தில் கடைவது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் நின்ற தண்ணீர் கதவு விளிம்புவரை ஏறி, கம்பளம் நனைந்து, அந்தப் பெட்டி ஒன்று போயிற்று. 38,000.

அதே வருஷம் வண்டிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியிருந்தார்கள். இந்தியாவிலேயே பூட்டிச் சேர்த்த வண்டியானதால் அதோடு தப்பித்தேன். முழுசாக இறக்குமதியான காருக்கு 40,000.

யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உயிரோடிருக்கிற யானையைக் கட்டித் தீனி போடுகிறவன் சொன்ன வார்த்தையாக அது இருக்க முடியாது.

சென்ற மாதம் வந்ததுதான் பெரிய வியாதி. கியரைப் போட்டதும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பட்டணத்தில் கண்ணாடி மாளிகை மாதிரி இருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். காப்பி கொடுத்தார்கள். பிறகு 1,90,000 ரூபாய்க்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஆட்டோமாட்டிக் கியர்பாக்ஸின் உள்ளே கோளாறாம். பூந்தமல்லித் தரகர் ஒருவர் வண்டியையே இரண்டேகால் லட்சத்துக்குத்தான் கேட்டார். அந்த மாதம்தான் பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். விற்றுவிடுவது என்று முடிவு செய்து, கடைசியாக ஒரு தடவை பார்க்கட்டுமே என்றுதான் இந்த மெக்கானிக்கிடம் வந்தேன். அப்பாவும் கூடவே ஏறிக்கொண்டார்.

மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார். "கியர்பாக்ஸ்லே ஒண்ணும் காட்டலே ஸார். ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்றார்களே?"

"யார் ஆயுசுக்கு?" என்றார். பிறகு விளக்கினார். கியர்பாக்ஸ் செய்கிற இஸட்.எஃப். கம்பெனியே எண்பதாயிரத்திலிருந்து லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறதாம். என் வண்டி அந்த எல்லையைத் தாண்டி வெகு தூரம் வந்திருந்தது.

அப்பா டப்பாவை விட்டு எழுந்தார். எழுபத்தாறு வயது, முட்டி வலி. தூக்கிய வண்டிக்குக் கீழே போய் நின்றார். "தம்பி, ஒரு தரம் கியரைப் போடச் சொல்லு."

டொக்.

"இது பாக்ஸ் சத்தம் இல்லே. ஷாஃப்ட் ஜாயிண்ட்டைப் பாரு."

"ஐயா, இதிலே அம்பாஸடர் மாதிரி கிராஸ் இல்லே, ரப்பர்தான்..." என்று ஆரம்பித்த மெக்கானிக், விளக்கை உயர்த்திப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கிற ரப்பர் வளையம் பாதிக்குமேல் பிளந்து கிடந்தது.

வளையம், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர், கியர் எண்ணெய், கூலி சேர்த்து 43,500 ஆயிற்று. அதுவும் சின்னத் தொகை இல்லை. ஆனால் கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்தது.

நாலு நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு வானகரம் சாலையில் திரும்பினோம். சத்தமே இல்லை. அப்பா வழக்கம்போல் முன் ஸீட்டில்.

"வித்துடுடா," என்றார் திடீரென்று. "கட்டுப்படியாகாது."

"எப்போ விக்கலாம் சொல்லுங்க."

அயனம்பாக்கம் தாண்டும்வரை பேசவில்லை. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு வந்தார்.

"அடுத்த சத்தம் வரட்டும்," என்றார்.