மாட்டுவதற்கு முன்

செருப்பு வாங்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? சைஸ், விலை, அப்புறம் நிறம். நான் பி.காம். அதனால் முதலில் தள்ளுபடியைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்து வாங்கிய ஒரு பொருள், தூத்துக்குடி கடலில், இடுப்பளவுத் தண்ணீரில் என் கணக்கையே முடிக்கப் பார்த்தது.

அதன் பெயர் ஃபின்ஸ். நீந்தும்போது காலில் மாட்டிக்கொள்ளும் வாத்துக்கால். பிரான்ஸ்காரர் லூயி த கோர்லியூ 1933-ல் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். முட்டிவலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். வெறுங்காலோடு நீந்தியிருக்கலாம். ஆனால், நமக்குத்தான் எதைத் தொடங்கினாலும் முதலில் பொருள் வாங்கியாக வேண்டுமே!

இதில் இரண்டு ரகம் உண்டு. பாதம் முழுக்க மூடும் ஷூ மாதிரி ஒன்று; வெறுங்காலில் போடலாம். இன்னொன்றில் குதிகால் திறந்திருக்கும். பின்னால் ஒரு வாரை இழுத்து மாட்ட வேண்டும். உள்ளே அதற்கென்று மெத்தென்ற பூட்ஸ் போடாவிட்டால் வார் குதிகாலை அறுத்துவிடும். நான் வாங்கியது இரண்டாவது ரகம். 40 சதவீதம் தள்ளுபடி. பூட்ஸுக்குத் தனி விலை என்றார்கள். வேண்டாம் என்று மிச்சம் பிடித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, கரையிலேயே இரண்டையும் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தேன். ஃபின்ஸ் போட்டால் கடலுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. நாலாவது அலையில் தட்டு மடங்கிக் குப்புற விழுந்தேன். காலை ஊன்ற முடியவில்லை. கழற்றலாம் என்றால், பக்கிளில் மணல் அடைத்துக்கொண்டு அசைய மறுத்தது. அடுத்த அலை... அதற்கடுத்த அலை... மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி என்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார் ஒருவர். திரேஸ்புரத்தில் பல வருஷம் சங்கு குளித்து ஓய்ந்த அண்ணாச்சி. நான் இருமி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "என்ன வெலைக்கு வாங்குனிய தம்பி?"

சொன்னேன். சிரிக்கவில்லை.

"நாங்க அலுமினியத் தகட்டை வெட்டி, பழைய செருப்பு வாரை வச்சு மாட்டிக்கிட்டு முங்குனோம். ஒரு உதறு உதறுனா கழண்டுரும். மாட்டுறதைப் பாத்து வாங்காதிய. கழட்டுறதைப் பாத்து வாங்குங்க."

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் பெரிய அளவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது அண்ணாச்சி சின்னப் பையன். அந்தக் காலத்தில் ஃபின்ஸ் ஏது? வேகமாக அடியில் போய்ச் சேர, கயிற்றில் கட்டிய கனமான கல்தான். கல்லுக்கு மேலே உள்ள கயிற்று வளையத்தில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு இறங்குவார்கள். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்ள, தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துவிடுவார்.

"காலை நுழைப்பாக தம்பி, கட்ட மாட்டாக. கட்டுனா, கல்லோட கல்லா கெடக்க வேண்டியதுதான்."

அடுத்த வாரம் கடைக்குப் போய் வேறு ஜோடி வாங்கினேன். பாதம் மூடும் ரகம். நீளமான, விறைப்பான தட்டு புதியவர்களின் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் என்பதால் குட்டையானது. போட்டுக்கொண்டு காலை ஆட்டினால் வழுக்கக் கூடாது, விரல் மடங்கவும் கூடாது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் கழற்றிப் பார்த்தேன். கடைப்பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்க்கட்டும்! இப்போது தண்ணீரில் இறங்கிய பிறகுதான் மாட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன்.

நீங்களும் எதை மாட்டிக்கொள்வதற்கு முன்பும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். எனக்கு என்ன வருத்தம் என்றால், வீட்டுக்கடனில் கையெழுத்துப் போட்ட அன்று அண்ணாச்சி பக்கத்தில் இல்லை.