உத்தரம் சொல்ல வேண்டியவர்கள்

களியக்காவிளைப் பள்ளியில் பிள்ளைகள் எழுதி நீட்டுவது விடைத்தாள். இஞ்சிவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போய்விட்டால் அதற்கே உத்தரக்கடலாசு என்று பெயர். மலையாளத்தில் பதிலை உத்தரம் என்றும் சொல்வார்கள், மறுபடி என்றும் சொல்வார்கள். நமக்கு மறுபடி என்றால் இன்னொரு தரம். எல்லைக் கிராமத்து ஆட்கள் இதில் குழம்புவதே இல்லை. பேச்சின் போக்கிலேயே எது எதுவென்று பிடித்துவிடுவார்கள். வேதாகமத்தில் ‘பிரதியுத்தரமாக’ என்று கேட்டு வளர்ந்த சபைக்காரர்களுக்கு உத்தரமும் சொந்தச் சொல்தான்.

இங்கிலீஷ்காரன் சொல்லும் ஆன்ஸருக்குள் ஒரு சத்தியம் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது அண்ட்ஸ்வாரு. முற்பாதிக்கு ‘எதிர்’ என்று பொருள். பிற்பாதி சத்தியம் செய்வதைக் குறிக்கும் ஸ்வேருக்கு உறவு. தன்மேல் வந்த பிராதை ஒருவன் சத்தியம் செய்து மறுப்பதுதான் ஆதியில் ஆன்ஸர். ரெஸ்பான்ஸும் அந்த வகைதான். லத்தீனில் அது வாக்குக்கு எதிர்வாக்குக் கொடுப்பது. அதன் வழியில் வந்த ரெஸ்பான்ஸிபிளிட்டியை மலையாளி உத்தரவாதித்தம் என்கிறான். நாம் ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பதை உத்தரவாதம் என்கிறோம். வாயால் சொன்னால் போதாது, சொன்னதற்கு ஆள் நிற்கவும் வேண்டும். நாம் அன்றாடம் சொல்லும் பதில், அரபியில் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைக் கொடுப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கடைத்தெருச் சொல், எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரை இந்த உத்தரத்துக்கு விலை கொடுத்த ஊர். அந்தத் தாலுகாவில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியைத் தம் பத்திரிகையில் விடாமல் கேள்வி கேட்டார். 1910 செப்டம்பர் 26இல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தினார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பழைய ஆங்கிலேயன் கணக்கில், ஆன்ஸர் சொல்லவே அவருக்கு இடம் தரப்படவில்லை. 1916இல் கண்ணூரில் இறந்தார்.

1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் ‘உத்தரவாத பரணம்’ கேட்டது. மகாராஜாவுக்கு அல்ல, ஜனங்களுக்குக் கணக்குச் சொல்கிற ஆட்சி. அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆகஸ்ட் 31 அன்று என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததும் நெய்யாற்றின்கரையில் கூட்டம் திரண்டது. பட்டாளம் சுட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் செத்தார்கள்.

கேட்ட ஆட்சி 1948 மார்ச்சில் வந்தது; பட்டம் தாணுபிள்ளை திருவிதாங்கூர் பிரதமரானார். 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சரும் அவரே. அந்த ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. சுட்டதற்கு உத்தரவாதி அரசுதான், பதவி விலக வேண்டும் என்றார் ராம் மனோகர் லோகியா. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கே பொதுச்செயலாளர். பட்டம் விலகவில்லை.