தேசத்தைப் பார்த்து வரட்டும்!

வேதபகுதி: எண்ணாகமம் 13:17-27

இம்மாதம் என் சொந்தத் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட்டு, அதிலிருந்து கர்த்தர் எனக்குக் கற்பித்ததைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டின் தொடக்கத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து விசுவாசிகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி தன் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் இந்நகரத்தின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்கிறவர். மகள் இரண்டாம் பி.யு.சி. அறிவியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இவள் பி.எஸ்ஸி. படித்து ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவர்கள் இல்லை. ஆராய்ச்சி என்றால் என்ன வேலை, யார் சம்பளம் தருவார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நர்சிங் படித்தால் வேலை நிச்சயம் என்று இவள் அப்பா சொல்கிறார். நீங்கள் ஜெபித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நான் மகளைப் பார்த்து, "ஆராய்ச்சிக்கூடத்தை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா மகளே?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அம்மாதான் தினமும் பார்க்கிறார்கள்" என்றாள்.

அவள் குற்றமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஜெபிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்கு எளிது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு காரியத்தை ஆவியானவர் அப்பொழுதே எனக்கு நினைப்பூட்டினார்.

எங்கள் சபையில் ஒரு வாலிபன் இருந்தான். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கையில், கோடை விடுமுறையில் வேறொரு மாநிலத்து ஆய்வகத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின்கீழ் வேலை கற்க அவனுக்கு வாய்ப்பு வந்தது. உதவித்தொகையும் உண்டு. அவன் தகப்பனார் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, அனுப்பலாமா என்று கேட்டார். அந்த மே மாதத்தில் எங்கள் வாலிபர் முகாம் இருந்தது; கீபோர்டு வாசிக்கிறவன் அவன் ஒருவனே. "இரண்டு மாதம் சபை ஐக்கியமில்லாமல் அந்நிய இடத்தில் பிள்ளை இருப்பது ஆத்துமாவுக்கு நல்லதல்ல" என்று ஆலோசனை சொன்னேன். அதை ஆவிக்குரிய ஆலோசனை என்றே அன்று நம்பினேன். இன்று யோசித்தால், அதில் பாதி முகாமைப் பற்றிய என் கவலையே.

அவன் போகவில்லை. பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்காக ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றான். "பாடத்திற்கு வெளியே ஆய்வகத்தில் என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார்களாம். சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. இடம் கிடைக்கவில்லை. பின்பு ஒரு நிறுவனத்தில் இரவுப்பணிக்குச் சேர்ந்தான். இன்றுவரை ஒரு நாளும் என்னைக் குறைசொன்னதில்லை. அதுவே எனக்கு அதிக பாரமாயிருந்தது.

அந்தச் சகோதரியும் மகளும் வந்துபோன இரவில் என் தகப்பனாரையும் நினைத்துக்கொண்டேன். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தொழிலாளி. "கீழே ஓர் அறையில் பம்பாயிலிருந்து வந்தவர்கள் இரவும் பகலும் கருவிகளைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்; என்னத்திற்கென்று எங்களுக்குத் தெரியாது" என்று சிறுவயதில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அது என்னவென்று பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். வானத்திலிருந்து வந்து காற்றுமண்டலத்தில் மோதும் கதிர்களால் நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகள்கள் உண்டாகின்றன. மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மாத்திரம் ஊடுருவி வரும். ஆகையால் அதைக் கண்டுபிடிக்க ஆழத்திற்குப் போகவேண்டும். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நடத்திய அந்த ஆய்வில், 1965-இல் இவ்வகை நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டார்கள். உலகில் இதை முதலாவது கண்டவர்களில் அவர்களும் உண்டு.

எங்கள் ஜனங்கள் தோண்டிய சுரங்கத்தில் அது நடந்தது. ஆனால் எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும் அந்த அறைக்குள் போய், "ஐயா, இது என்ன?" என்று கேட்டதாக நான் அறியேன். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. எங்களில் அநேகர் பெங்களூருக்கு வந்துவிட்டோம். இப்பொழுது ஒரு தாய் ஆய்வகத்தின் தரையைத் துடைக்கிறார். மகள் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாதிருக்கிறாள். இரண்டு தலைமுறையாக நாம் வாசலருகே நின்றுகொண்டே இருக்கிறோம்.

மறுநாள் காலைத் தியானத்தில் எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கானானைக் கொடுப்பதாகக் கர்த்தர் ஏற்கனவே வாக்குப்பண்ணியிருந்தார். ஆனாலும் ஜனங்கள் உள்ளே போவதற்கு முன் பன்னிரண்டு பேர் அதைப் பார்த்துவர அனுப்பப்பட்டார்கள். நிலம் வளமானதா, இளைத்ததா, மரங்கள் உண்டா என்று விசாரித்து, அத்தேசத்தின் கனியில் கொஞ்சம் கொண்டுவரும்படி மோசே கட்டளையிட்டான். நாற்பது நாள் அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். எஸ்கோலில் அறுத்த ஒரே திராட்சக்குலையை இருவர் தடியில் சுமந்து வந்தார்கள். வாக்குத்தத்தம் இருந்தும் பார்த்துவருதல் அவிசுவாசம் ஆகவில்லை. பார்த்தபின் பயந்து பின்வாங்கியதே அவிசுவாசம் ஆயிற்று. பிள்ளை தான் படிக்கப்போகும் துறையை முன்னதாகப் பார்த்துவருவதும் அப்படியே. அதற்கு நாம் தடையாயிராமல் துணையாயிருக்கவேண்டும் என்று கர்த்தர் எனக்கு உணர்த்தினார்.

ஆனால் எங்கே போய்ப் பார்ப்பது? விசாரிக்கத் தொடங்கினேன். பி.யு.சி. மாணவரைப் பெரிய ஆய்வகங்கள் வேலை கற்கச் சேர்த்துக்கொள்வது அரிது. விலையுயர்ந்த கருவிகளும் ஆபத்தான இரசாயனங்களும் இருக்கும் இடங்கள் அவை. ஆயினும் திறந்த வாசல்கள் சில உண்டு. நம் ஜனங்கள் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கும் இந்திய அறிவியல் நிறுவனம், 1909-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு நாள் தன் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவைக்கிறது. பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்துச் சனிக்கிழமையில் அது நடைபெறும். பெங்களூரில் இவ்வளவு காலம் ஊழியம் செய்தும் அதற்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை.

அவ்வாண்டு நாங்கள் நால்வர் சென்றோம்: அந்தச் சகோதரி, அவர் கணவர், மகள், நான். ஒரு மேசையருகே ஓர் ஆராய்ச்சி மாணவி நுண்ணோக்கியில் எதையோ காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, அவளும் தமிழில் பேசத் தொடங்கினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனார் பீடிக்கடை வைத்திருப்பவராம். சம்பளம் யார் தருவார்கள் என்று நம் சகோதரர் வெளிப்படையாகவே கேட்டார். ஆராய்ச்சிப் படிப்புக்கு மாதந்தோறும் அரசு உதவித்தொகை தருகிறது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். "உனக்கு இந்த வழி எப்படித் தெரிந்தது?" என்று நான் கேட்டேன். "இரண்டாம் ஆண்டில் ஒரு கோடைக்காலம் ஆய்வகத்தில் இருந்தேன் ஐயா. அதற்குமுன் எனக்கும் ஒன்றும் தெரியாது" என்றாள். என் மனக்கண்ணில் நான் தடுத்த அந்த வாலிபன் நின்றான்.

தேர்வு முடிந்தபின் இன்னொரு வாசல் நம் சபைக்குள்ளேயே இருந்தது. இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியனாக வேலைசெய்யும் சகோதரி ஒருவர் நம் ஐக்கியத்தில் இருக்கிறார். அவர் தம் முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கினார். நிபந்தனைகள் மூன்று: இரத்தத்தைத் தொடக்கூடாது, நோயாளியின் பெயரை வெளியே பேசக்கூடாது, சொல்லும் இடத்தில் நின்று கவனிக்கவேண்டும். மூன்று வாரம் அவள் போய்வந்தாள். ஒவ்வொரு மாலையும் அன்று கண்டதை ஒரு நோட்டில் எழுதினாள். அந்த நோட்டை எனக்கும் காட்டினாள்.

சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல்நிற மூடியுள்ள குழாய், இரத்த அணுக்களை எண்ண ஊதாநிற மூடியுள்ள குழாய் என்று அதில் எழுதியிருந்தாள். பெயர்ச்சீட்டு மாறிவிட்டால், இயந்திரம் எவ்வளவு நல்லதாயினும் முடிவு வேறொருவருடையதாகிவிடும் என்று எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தை நான் இருமுறை வாசித்தேன். காலையில் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதிப்பதற்கு முன், 'கன்ட்ரோல்' என்னும் மாதிரியை இயந்திரத்தில் வைப்பார்களாம். அதன் அளவு முன்னமே தெரிந்தது. இயந்திரம் அந்த அளவைச் சரியாகக் காட்டினால்தான் அடுத்த வேலை. காட்டாவிட்டால் இயந்திரத்தைச் சரிசெய்யும்வரை ஒருவருடைய முடிவும் வெளியே போகாது. பிறருக்கு ஆலோசனை சொல்லுமுன் என்னை நான் வசனத்தின்முன் வைத்துச் சோதித்திருந்தால், அந்த வாலிபனின் காரியத்தில் தவறியிருக்கமாட்டேன் என்று நினைத்தேன்.

"வேலை எப்படியிருந்தது மகளே?" என்று கேட்டேன். "பாதி நேரம் கழுவுவதும் எழுதுவதும் காத்திருப்பதும்தான் ஐயா. ஆனால் புத்தகத்தில் கணக்குக்கு விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். அங்கே கடைசிப் பக்கம் இல்லை. நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது" என்றாள். சலிப்பையும் பார்த்துவிட்டு அவள் இதைச் சொன்னதால், அவள் தகப்பனார் நர்சிங் பேச்சை விட்டுவிட்டார். ஒருவேளை, "இது எனக்கு வேண்டாம் ஐயா" என்று அவள் திரும்பி வந்திருந்தாலும் அந்த மூன்று வாரம் வீணாயிராது. கட்டணம் கட்டி மூன்று ஆண்டு படித்தபின் அதை அறிவதைவிட முன்னமே அறிவது மேல். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவரும் போதித்தாரல்லவா (லூக்கா 14:28)?

விஞ்ஞானம் படித்தால் பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் நம்மில் உண்டு. அந்த அச்சத்தை நான் இகழவில்லை. எனக்கும் அது இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 1874-இல் கட்டிமுடிக்கப்பட்ட காவென்டிஷ் ஆய்வகத்தின் வாசற்கதவில் சங்கீதம் 111:2 லத்தீன் மொழியில் செதுக்கப்பட்டிருக்கிறது. கர்த்தருடைய கிரியைகளில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்வார்கள் என்பதே அவ்வசனத்தின் கருத்து. அந்த ஆய்வகத்தின் முதல் பேராசிரியரான மாக்ஸ்வெல் வேதத்தை நேசித்த விசுவாசி. தானியேலும் அவன் தோழர்களும் கல்தேயரின் கல்வியைக் கற்றும் தங்கள் தேவனை விடவில்லை. பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பதால் விசுவாசம் காக்கப்படாது; போகுமிடத்திலும் நாம் அவளோடு பேசி, அவளுக்காக ஜெபித்தால் காக்கப்படும்.

சர் சி. வி. இராமனையும் நினைத்துப் பாருங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறிவியல் வளர்ச்சிக்கான ஒரு சங்கத்தின் ஆய்வகம் இருப்பதை அறிந்து, தாமாகவே போய் இடம் கேட்டார். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1917-இல்தான் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பதவி வருமுன் அவர் கதவைத் தட்டினார்.

பெற்றோரே, ஊழியர்களே, நான் விசாரித்தறிந்த சிலவற்றைச் சொல்லுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019-இல் 'யுவிகா' என்னும் இளம் விஞ்ஞானி முகாமைத் தொடங்கியது. பெங்களூர் ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தில் பள்ளி மாணவருக்கும் பி.எஸ்ஸி. மாணவருக்கும் அறிவியல் வகுப்புகள் உண்டு; அவ்வகுப்புகளுக்கு 'சீட்', 'சோ', 'ரீப்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். விதை, விதைப்பு, அறுப்பு! நாம் பிரசங்கத்தில் சொல்லுகிறவைகளே. கல்லூரியில் சேர்ந்தபின், பெங்களூரில் இராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து, கோடையில் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகிறது. ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் கோடைக்கால வாய்ப்புகள் தருகிறது. கோடை வந்தபின் தேடினால் தாமதமாகிவிடும். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் தேவைப்படும். ஆகையால் பிள்ளைகள் வகுப்பில் வாய்திறந்து கேள்வி கேட்கப் பழகட்டும். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் மாத்திரம் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

எங்கும் இடம் கிடைக்காவிட்டால் சபைக்குள் விசாரியுங்கள். மருந்தகத்தில், குடிநீர்ப் பரிசோதனையில், மருத்துவமனையில், தொழிற்சாலையின் தர ஆய்வில் வேலைசெய்யும் விசுவாசிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒரு பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் சென்றால், அதுவும் ஊழியமே.

கடைசியாக ஒன்று. நான் தடுத்த அந்த வாலிபனின் வீட்டிற்குச் சென்று, "தம்பி, உன் காரியத்தில் நான் தவறாக ஆலோசனை சொன்னேன். என்னை மன்னித்துவிடு" என்று கேட்டேன். அவன் சற்றுநேரம் தலைகுனிந்திருந்தான். "நான் அதை மறக்கவில்லை ஐயா" என்றான். பின்பு, "நீங்கள் கேட்டதே போதும்" என்றான். இழந்த அந்தக் கோடையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்டதால் அது திரும்பி வந்துவிடவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த மகள் இப்பொழுது பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் சபை மண்டபத்தில் அவள் எழுதியதை வாசித்துத் திருத்துகிறவன் அந்த வாலிபனே. நான் கேட்காமலே வந்தான். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, கர்த்தர் அறிவார். கிடைத்தால், இம்முறை வாலிபர் முகாமில் கீபோர்டு வாசிக்க ஆளில்லாவிட்டாலும், அவளை ரயிலேற்றிவிட நான் போவேன்.

உங்கள் பிள்ளைகள் தேசத்தைப் பார்த்து வரட்டும். அதன் கனிகளில் கொஞ்சம் கொண்டுவரட்டும். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.