மௌன விரதமும் மருத்துவர் சொன்னதும்

பெண் குழந்தை யாரையும் நிமிர்ந்து பார்க்காவிட்டால் நம் வீடுகளில் அதற்குப் பெயர் அடக்கம். நாலு பேர் கூடும் இடத்தில் மூலையில் உட்கார்ந்திருந்தால் சாது. வெள்ளிக்கிழமைதோறும் வாய் திறக்காமல் இருந்தால் பக்தி. இந்த நற்சான்றிதழ்களை எல்லாம் வாங்கிக்கொண்டு ஐம்பதைத் தாண்டி வந்த பிறகுதான், எனக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னார்.

பேரனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது தொடங்கியது இது. சத்தம் கேட்டால் காதைப் பொத்துவானா, வழக்கம் மாறினால் கலங்கிப்போவானா, சட்டைத் துணி உறுத்துகிறது என்று அழுவானா என்று மகளிடம் கேட்டுக்கொண்டே போனார்கள். பாதியிலேயே அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, இதெல்லாம் நீதானே!" என்றாள்.

நான்தான். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீபாராதனை சமயத்தில் மணியையும் மேளத்தையும் சேர்த்து மின்சாரத்தில் அடிக்கும் இயந்திரத்தைப் போட்டுவிடுவார்கள். மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருக்கும். கழுத்தில் ஜரிகை வேறு அறுக்கும். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவேன். கண்ணிலிருந்து நீர் கொட்டும். அத்தை என் நெற்றி நிறையத் திருநீறு பூசி, "இவளுக்கு அம்பாள் அருள் இருக்குடி" என்பார். எனக்கு அப்போது வேண்டியிருந்தது வெளிப்பிராகாரம்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆட்டிசத்தைப் பற்றி மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் 11 குழந்தைகளில் 8 பேர் ஆண்கள். ஆட்டிசம் என்றாலே பேசாத சிறுவன் என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்துவிட்டது. ஓசையும் வெளிச்சமும் தொடுகையும் அளவுக்கு மீறி உறைப்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஓர் அடையாளமாகத் தெளிவாகச் சேர்த்ததே 2013-இல்தான். என் பள்ளி நாளில் எந்த டாக்டரிடம் காட்டியிருந்தாலும் 'கூச்ச சுபாவம், சரியாகிவிடும்' என்றிருப்பார்.

மேல்நாட்டில் அந்தக் காலத்தில் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்றார்கள். இது உடல் சார்ந்த விஷயம் என்று பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே வாதாடியும், 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் தாய் தந்தையர் மேல் பழிபோட்டு ஒரு புத்தகம் எழுதினார். நாம் பழியைப் போன ஜென்மத்துக்குத் தள்ளிவிட்டோம். பேரனின் ஜாதகத்தைப் பார்த்த ஒருவர், 'பூர்வ வினை' என்று ஒரே வார்த்தையில் முடித்தார். எனக்கும் வினையில் நம்பிக்கை உண்டு. இன்றைக்கு நான் என்ன செய்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள அது உதவும். ஒரு குழந்தையின் மூளைக்குக் கணக்கு எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை.

அப்படியானால் இத்தனை கால பக்தியும் ஆட்டிசம்தானா? கந்த சஷ்டி கவசத்தை அதே இடத்தில், அதே ராகத்தில் சொன்னால்தான் எனக்கு மனம் அடங்கும். ஒரு வரி தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இதில் ஆட்டிசத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த வழியாக வந்தேன் என்பது வேறு, யாரிடம் வந்தேன் என்பது வேறு. மௌன விரதத்தை ஊரார் தவம் என்றார்கள். எனக்கு அது ஓய்வு. கல்யாண வீடுகளில் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்தேனே, அதுதான் தவம்.

ரமணர் 16 வயதில் திருவண்ணாமலைக்குப் போய்ப் பேசாமல் இருந்தாரே, அவருக்கும் இதுவாக இருக்குமோ என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஞானிகளுக்கு மருந்துச்சீட்டு எழுதுவதும் எனக்கு ஞானிப் பட்டம் கட்டுவதும் ஒரே அவசரம்தான். இரண்டும் வேண்டாம் என்றேன்.

இப்போது பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, கூட்டமில்லாத வேளையில் கோயிலுக்குப் போகிறேன். பௌர்ணமி அல்லாத நாளில் கிரிவலம் வருகிறேன். நம்பிக்கை குறையவில்லை, நடிப்புதான் குறைந்திருக்கிறது.

சந்நிதியில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால் தோஷம் என்றும் சொல்லாதீர்கள், அருள் என்றும் சொல்லாதீர்கள். முதலில் வெளியே அழைத்துப் போங்கள். பிறகு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது; உதவி கேட்கக் கூச்சம் வேண்டாம். திருநீறும் பூசுங்கள், அதற்குத் தடையில்லை.